கஸ்டமர் மாதிரி

எஸ்கலேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் நின்றுபோனதை இன்றைக்குக் காலையில்தான் யாரோ எண்ணெய் விட்டு எழுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு படியும் பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு மேலே போனது. கோகிலவாணியும் பல்லைக் கடித்துக்கொண்டுதான் நின்றாள். கைப்பிடியைப் பிடிக்கலாம் என்றால் கை காலியாக இல்லை. வலது கையில் இரண்டு பை, இடது கையில் ஒன்று. மூன்றும் கயிறு வைத்த பளபளப்பான காகிதப் பைகள், பெரிய துணிக்கடையில் தருவார்களே அந்த மாதிரி. மூன்றுக்குள்ளும் கசக்கித் திணித்த பழைய செய்தித்தாள். கனமே இல்லை. கனமில்லாத பையைக் கனமாகத் தூக்குகிறவள் போலத் தோளைச் சாய்த்துக்கொண்டு நடக்கவேண்டும் என்று காலையில் சொல்லியிருந்தார்கள். சொன்னவன் நிதின், மாலுக்கு மேனேஜர், அவள் கல்யாணமாகி வந்த வருஷம் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்திருப்பான், பேசும்போது உள்ளங்கையோடு உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டே பேசுவான். நேற்று சாயந்திரம் மிச்சமிருக்கிற கடைக்காரர்களையும் வேலை பார்க்கிறவர்களையும் கீழே நீரூற்றுப் பக்கம் நிற்கவைத்து, "நாளைக்கு பாம்பேலருந்து பார்ட்டி வர்றாங்க, பில்டிங்கை வாங்கற ஐடியால இருக்காங்க, அவங்க வாங்குனா நம்ம எல்லாருக்கும் லைஃப் இருக்கு. ஆனா கூட்டம் தெரியணும். காலியாக் கெடக்கற எடத்தை எவனும் வாங்கமாட்டான். அதனால பாதிப் பேர் கடையில நில்லுங்க, மீதிப் பேர் யூனிஃபார்ம் போடாம, கஸ்டமர் மாதிரி டீசண்டா வாங்க" என்றான். டீசண்டா. அந்த ஒரு சொல் நேற்றிலிருந்து அவள் தொண்டையில் மீன்முள்ளாட்டம் நிற்கிறது. சோற்றை உருட்டி விழுங்கினாலும் இறங்கவில்லை, தண்ணீர் குடித்தாலும் இறங்கவில்லை. அப்படியானால் இந்த மால் திறந்த நாளிலிருந்து, இரண்டாவது மாடியில் பாத்வே செருப்புக்கடையில், மெரூன் கலர் சுடிதாரும் வலை போட்டுக் கட்டிய கொண்டையுமாக அவள் வந்து நின்றதெல்லாம் என்ன கணக்கு?

"அம்மிணி, சித்த சிரிச்சாப்பல வா" என்றார் பக்கத்துப் படியில் நின்ற ஞானப்பிரகாசம். கீழே நடுக்கூடத்தில் ஸ்வீட் கார்ன் வண்டி போட்டிருப்பவர். இன்றைக்கு அவளுக்கு அவர்தான் புருஷன், நிதின் ஜோடி சேர்த்துவிட்டது. "கோர்ட்டுக்குப் போற புருசன் பொண்டாட்டியாட்ட இருக்குது நம்மளப் பாத்தா." "புருசன் பொண்டாட்டி அப்படித்தானுங்ண்ணா இருப்பாங்க." "அண்ணாங்காத. இன்னிக்கி ஒரு நாளைக்கி மாமாங்கோணும்." சொல்லிவிட்டு அவரே கெக்கெக்கே என்று சிரித்தார். மகன் கல்யாணத்துக்கு எடுத்த கோடு போட்ட சட்டை, இன் பண்ணியிருந்தார், வயிறு பெல்ட்டுக்கு மேலே வழிந்தது. இந்த மனுஷனுக்குக் கோபமே வராதா? வேகவைத்த சோளம் வாங்க ஆள் இல்லாமல் வண்டியைப் பாதி நாள் மூடிவைத்துவிட்டு பேருந்து நிலையத்தில் போய் வேர்க்கடலை விற்கிறவர், இங்கே வந்து ஜாலியாக வேஷம் கட்டுகிறார். கட்டுகிறாரே, நீ மட்டும் என்ன? நீயும்தான் வாஷிங் மெஷினில் போடாமல் கையால் துவைத்து வைத்திருந்த பச்சைப் புடவையை எடுத்துக் கட்டிக்கொண்டு, வராத சிரிப்பை உதட்டில் ஒட்டவைத்துக்கொண்டு வந்திருக்கிறாய். காலையில் கண்ணாடி முன்னால் நின்றபோது மகள் தர்ஷினி கட்டிலில் படுத்தபடியே போனிலிருந்து கண்ணை எடுத்து, "என்னம்மா, எந்த வீட்டு விசேஷம்?" என்றாள். "எழவு வீடு" என்று சொல்லிவிட்டாள். அந்தப் பிள்ளை முகம் செத்துப்போயிற்று. கோபத்தை அவளிடம் காட்டியிருக்க வேண்டியதில்லை.

முதல் மாடி வந்தது. நடை முழுக்க ஏதோ சென்ட் அடித்து வைத்திருந்தார்கள், அதற்கு அடியில் ஈரச் சாக்கு நாற்றம் அப்படியே இருந்தது. மேலே கண்ணாடிக் கூரை ஒழுகுகிற இடங்களில் வைத்திருந்த பக்கெட்டுகளை எடுத்துவிட்டு அங்கெல்லாம் பிளாஸ்டிக் செடி. மூடின கடைகளுக்குள்ளும் விளக்கு போட்டிருந்தார்கள். ஒரு கடையில் துணி இல்லாத பொம்மைகள் மூன்று, ஒன்றுக்குக் கை கிடையாது, ஷட்டர் இடுக்கு வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றன. நின்றுகொண்டே இருப்பது என்றால் என்ன என்று அவற்றுக்குத்தான் தெரியும். எதிரே ஒரு ஜோடி வந்தது: மூன்றாவது மாடி வாட்ச் கடைப் பையன், பாத்ரூம் கழுவுகிற சரோஜாக்கா. சரோஜாக்கா லிப்ஸ்டிக் போட்டிருந்தாள். அவள் கையில் தொங்கிய பை, கோகிலவாணியின் பையைப் போலவே, காற்றில் ஆடியது. அவளும் கோகிலவாணியும் கண்ணைப் பார்த்துக்கொள்ளவில்லை. இங்கே திறப்பு விழா நடந்த அன்றைக்கு உள்ளே கால் வைக்க இடமில்லை. சூலூரிலிருந்தும் அன்னூரிலிருந்தும் வேன் பிடித்துக் குடும்பம் குடும்பமாக வந்தார்கள், வழவழ தரையைப் பார்த்துப் பயந்து வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு வந்தவர்களும் உண்டு, அந்தச் செருப்புகளைப் பார்த்துத்தான் பாத்வே முதலாளி, "இத்தனை காலு இருக்குது ஊருல, நமக்கென்ன கவலை" என்றார். கால்கள் இன்னும் இருக்கின்றன. ஒன்றுகூடக் குறையவில்லை. வீட்டில் சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு இருக்கின்றன.

அந்தத் திறப்பு விழாவுக்கு அப்பாவும் வந்தார். இந்த மண்ணில் முன்னே பஞ்சாலை இருந்தது, அவர் அதில் ஸ்பின்னிங்கில் இருந்தார், அவள் ஒன்பதாவது படிக்கும்போது ஆலையை மூடினார்கள். மூடின பிறகும் அவர் ஷிஃப்டுக்கு எழுந்திருக்கிற நேரத்துக்கே எழுந்து, குளித்து, சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார், அம்மா போய்க் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வருவாள். அந்த மனுஷர் மாலுக்குள் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கட்டியிருக்கறானுக" என்றார். மகளுக்கு இங்கேயே வேலை கிடைத்ததில் பெருமை வேறு. நல்லாத்தான் கட்டியிருக்கறானுக! ஒரு வார்த்தை, ஒரே ஒரு கெட்ட வார்த்தை அன்றைக்கு அவர் வாயிலிருந்து வந்திருந்தால் இன்றைக்கு அவளுக்குக் கொஞ்சம் பலமாக இருந்திருக்கும். அவர் விழுங்கினார். விழுங்கி விழுங்கியே வயிற்றில் கட்டி வந்து செத்தார். செத்தவர்மேல் கோபப்படக்கூடாது என்பார்கள். யார்மேல்தான் படுவது, அதையாவது சொல்லட்டும். வீட்டு வாசலில் ஆன்லைன் பெட்டியைக் கொண்டுவந்து கொடுக்கிற பையன்மேல் படமுடியுமா? அவன் ஹெல்மெட்டுக்குள் வேர்வை ஒழுக, அடுத்த வீட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் நிற்கிறான், தண்ணீர் வேணுமா கண்ணு என்றால் வேண்டாம் என்று சொல்லக்கூட நேரமில்லை அவனுக்கு. தர்ஷினிமேல் படலாம் என்றால், காலேஜ் போகிற பிள்ளை, கம்மியாகக் கிடைக்கிற இடத்தில் வாங்குகிறாள், அதில் என்ன தப்பு, மிக்ஸி ஜார் உடைந்தபோது அவளைவிட்டு போனில்தானே நீயும் வாங்கினாய்? அட்டைப்பெட்டியைப் பிரித்தபோது பிளாஸ்டிக் குமிழியைப் பட்பட்டென்று உடைத்து விளையாடினீர்களே இரண்டு பேரும். அந்தக் கம்பெனிக்காரன்மேல் படலாம், அவன் எங்கே இருக்கிறான், அவனுக்கு முகம் உண்டா, கை கால் உண்டா, எங்கே போய் அவன் சட்டையைப் பிடிக்கிறது?

முகம் உள்ளவர்கள் கடைக்கு வருகிறவர்கள்தான். வந்து உட்கார்ந்து, காலை நீட்டி, ஒவ்வொரு பெட்டியாக இறக்கச் சொல்லி, இது வேண்டாம் அது வேண்டாம் அந்த மேல் தட்டில் இருக்கிறதே அது, என்று முட்டி தேய ஏணியில் ஏற்றி இறக்கிவிட்டுப் போகிறவர்கள். அதுகூடப் பரவாயில்லை, செருப்புக்கடை என்றால் அப்படித்தான். போன மாசம் வந்தானே ஒருத்தன், ஐ.டி.யில் வேலையாம், நல்ல பையன், அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்டான். ஓடுகிறதுக்குப் போடுகிற ஷூ கேட்டான். அவள் தரையில் உட்கார்ந்து அவன் கால் கட்டைவிரலை அழுத்திப் பார்த்து, முன்னால் இடம் வேண்டும் தம்பி, ஓடும்போது கால் வீங்கும் என்று ஒரு சைஸ் ஏற்றிக் கொடுத்தாள். சரியாக உட்கார்ந்தது. அவன் ஷூவின் நாக்கைத் தூக்கி உள்ளே இருந்த நம்பரைப் போட்டோ எடுத்தான். அவள் முன்னாலேயே, அதே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே, ஆர்டர் போட்டான். "ஆன்லைன்ல கம்மியா இருக்குக்கா. சைஸ் பாக்கத்தான் வந்தேன். ரொம்ப தேங்க்ஸ்க்கா." தேங்க்ஸ் சொன்னான்! திருடிக்கொண்டு போகிறவன் தேங்க்ஸ் சொல்லமாட்டான், அதனால் இது திருட்டு இல்லை. பின்னே என்ன? அவன் பழைய செருப்பை எடுத்து அவன் காலுக்கு நேராக நகர்த்தி வைத்தது அவள் கை. பழக்கம். கைக்கு ரோஷம் கிடையாது. அன்றைக்கு முழுக்க அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னாலிருந்தே அவளுடைய கோபத்துக்கு ஒரு முகம் இருக்கிறது, மீசையோடும் வெற்றிலைக் காவி ஏறிய பல்லோடும். நந்தகோபால் சார். பாத்வேயில் சூப்பர்வைசர். கடையில் வேலை பார்க்கிற பெண்கள் உட்காரக்கூடாது. அது சட்டத்தில் இல்லை, அவர் வாயில் இருந்தது. உட்கார்ந்தால் கடை தூங்குகிற மாதிரி இருக்கும் என்பார். கூட்டம் தெறித்த ஒரு தீபாவளி நோம்பி சமயத்தில், மாசவிலக்கு வந்து இடுப்பு கழன்று விழுகிற மாதிரி இருந்த நாளில், கஸ்டமர் இல்லாத இரண்டு நிமிஷம் பார்த்து அவள் பெஞ்சு ஓரத்தில் ஒண்டினாள். கண்ணை மூடவில்லை, சாயவில்லை, ஒண்டினாள் அவ்வளவுதான். அவர் அதைப் போட்டோ எடுத்துக் கடை வாட்ஸப் குரூப்பில் போட்டு, "மகாராணி ரெஸ்ட் எடுக்கிறார்" என்று எழுதினார். எல்லாக் கிளைக்காரர்களும் அதில் இருந்தார்கள். யாரோ கைகொட்டுகிற பொம்மை போட்டார்கள். அந்த மஞ்சள் கைகள் இப்போதும் கண்ணுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. பிறகு அரசாங்கத்தில் சட்டமே போட்டார்கள், கடையில் நிற்கிறவர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்கவேண்டும் என்று. இன்ஸ்பெக்டர் வருவார் என்று பயந்து நந்தகோபால் சார் நீலக் கலர் ஸ்டூல் ஒன்று வாங்கினார். வாங்கி ஸ்டாக் ரூமில் போட்டு அதன்மேல் பெட்டிகளை அடுக்கிவைத்தார். பெட்டிகள் உட்கார்ந்தன. இவள் நின்றாள். கடையில் ஈ ஆடின பிறகும், காலையிலிருந்து ஒரு கால்கூட உள்ளே வராத நாளிலும், கண்ணாடிக் கதவைப் பார்த்தபடி நின்றாள், அவர் கல்லாவில் உட்கார்ந்து அவள் நிற்பதைப் பார்த்தபடி இருந்தார். அங்கே கால் போயிற்று. கெண்டைச்சதையில் நரம்பு சுருட்டிக்கொண்டு பச்சையாய்ப் புடைத்தது. டாக்டர், "அதிகமா நிக்காதீங்கம்மா" என்று சொன்னார். நல்ல டாக்டர். நிற்காமல் எப்படிச் சம்பாதிப்பது என்று அவர் எழுதித் தரவில்லை. பஸ் கண்ணாடியில் ஒட்டியிருப்பதெல்லாம் பெண்கள் தேவை, பதினெட்டு முதல் இருபத்தெட்டு வரை. அதைத் தாண்டினவள் எங்கே போவாள், அதையும் யாரும் எழுதி ஒட்டுவதில்லை. இந்த இடமும் போய்விட்டால் என்ன செய்வாய் கோகிலா? அதனால்தான் பேப்பர் அடைத்த பையைத் தூக்கிக்கொண்டு சுற்றுகிறாள். வாங்கட்டும். பாம்பேக்காரன் வாங்கட்டும். எவனாவது வாங்கட்டும்.

இரண்டாவது மாடியில் ஏறி நின்றதும் நிதினுடைய ஆள் ஒருவன் தூணுக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினான். வந்துவிட்டார்களாம், கீழே பார்த்து முடித்துவிட்டு லிஃப்டில் மேலே வருகிறார்களாம், எல்லாரும் ஏதாவது ஒரு கடைக்குள் போங்கள், சும்மா நடக்கவேண்டாம், வாங்குகிற மாதிரி இருங்கள். ஞானப்பிரகாசம் பைகளை வாங்கிக்கொண்டார். "நீ போய்ச் செருப்பு பாரு அம்மிணி. பொண்டாட்டி செருப்பு வாங்கறப்ப புருசன் வெளியதான நிப்பான்?" நடைபாதைக் கம்பியில் சாய்ந்து போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு யாரோடும் இல்லாமல், "ஆமாங்க, ஆமாங்க, ஸ்டாக்கு நாளைக்கி வந்துருமுங்க" என்று பேச ஆரம்பித்துவிட்டார். இருக்கிற கடைகளில் பாத்வேதான் பக்கம். அவள் அந்தக் கண்ணாடிக் கதவின் உட்பக்கம் நின்று எத்தனையோ பேருக்கு அதைத் திறந்துவிட்டிருக்கிறாள். இன்றைக்கு உட்பக்கத்தில் யாரும் இல்லை. கடையில் இருக்கவேண்டிய இன்னொரு பெண் பவித்ராவையும் கீழே கஸ்டமராக அனுப்பியிருந்தார்கள். தானே தள்ளித் திறந்தாள். நந்தகோபால் சார் கல்லாவில் இருந்து எழுந்தார். அவளைப் பார்த்ததும் பாதியில் நின்றார். "நீயா? வேற எங்கயாச்சும் போகக்கூடாதா?" லிஃப்ட் மணி அடித்தது. வெளியே கோட்டு சூட்டில் நான்கைந்து பேர், ஒரு அம்மா, நடுவில் கையைத் தேய்த்துக்கொண்டு நிதின். அவன் பாத்வே பக்கம் திரும்பிப் பார்த்தான். நந்தகோபால் சாரின் மீசைக்குக் கீழே ஒரு சிரிப்பு, கஸ்டமருக்கென்று வைத்திருக்கிற அந்தச் சிரிப்பு, தானாக வந்து உட்கார்ந்தது. "வாங்க மேடம். உக்காருங்க."

உட்கார்ந்தாள். சாய்ந்து உட்கார்ந்தாள். பெஞ்சு எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று இத்தனை வருஷத்தில் அவள் உடம்புக்குத் தெரியாது. ஒண்டினது கணக்கில் சேராது. "என்ன மாதிரி பாக்கறீங்க மேடம்?" நல்லதா ஒன்று, ஹீல்ஸ் வைத்தது, என்றாள். அவர் ஒரு பெட்டியை எடுத்து வந்தார். அதைத் திறக்கும் முன்பே, "இந்தக் கலர் வேண்டாம்" என்றாள். இன்னொன்று. "இது கெழவி போடறது." இன்னொன்று. "அந்த மேல் தட்டுல இருக்குதே, அது." ஏணி. அவர் ஏணியில் ஏறி அவள் பார்த்ததே இல்லை. அடி வைக்கும்போது முட்டியில் ஒரு சொடக்குச் சத்தம் கேட்டது, கேட்கட்டும். மேலே நின்றுகொண்டு குரலை இறக்கி, உதடு அசையாமல், "விளையாடாத கோகிலா" என்றார். "அதுக்குப் பக்கத்துல இருக்கறதையும் எடுங்க" என்று கோகிலா சத்தமாகச் சொன்னாள். வெளியே நின்ற அந்தப் பாம்பே அம்மா திரும்பிப் பார்த்தாள். நந்தகோபால் சார் எடுத்தார். நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று குதித்தது, சந்தோஷம் இல்லை அது, சந்தோஷத்துக்கு இவ்வளவு கசப்பு இருக்காது, புளித்த மோர் போல ஒன்று, ஆனாலும் தாகத்துக்கு இறங்கியது. இறக்கிய பெட்டிகள் அவளைச் சுற்றிக் கிடந்தன. "போட்டுவிடுங்க" என்றாள். அவர் நின்றார். அவள் காலை நீட்டினாள். புடவைக் கரையை ஒரு விரற்கடை தூக்கிக்கொண்டு, கணுக்காலை அவருக்கு நேராக வைத்தாள். உலகத்தில் இதைவிட மெதுவாக ஒரு மனுஷன் மண்டி போட்டிருக்கமாட்டான். ஒரு கையைப் பெஞ்சில் ஊன்றி, ஒரு முட்டி, பிறகு இன்னொரு முட்டி. அவருடைய உச்சந்தலையில் மயிர் இல்லாத வட்டம் அவளுக்கு முதல்முறையாகத் தெரிந்தது. அவர் அவள் குதிகாலைப் பிடித்தார். அப்போதுதான் அந்த நரம்புகளைப் பார்த்தார். கணுக்காலுக்கு மேலே, திரிந்து முறுக்கிக்கொண்டு, புழுப் புழுவாய்ப் புடைத்து நிற்பவை. பார்த்தார் என்று அவர் கை சொன்னது, ஒரு நொடி பிடி தளர்ந்தது. நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவில்லை. பாருடா, என்று அவள் மனசுக்குள் கத்தினாள், இதைப் போட்டோ எடு, எடுத்துக் குரூப்பில் போடு, மகாராணியின் கால் என்று எழுது, எல்லாக் கிளைக்காரர்களும் கை கொட்டட்டும். வாயில் வந்தது, "அடுத்தது காட்டுங்க" என்பதுதான்.

அதற்குள் வெளியே இருந்தவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளேயே வந்துவிட்டார்கள். அவள் முதுகை நிமிர்த்தி, வாங்குகிறவள் முகத்தை வைத்துக்கொண்டாள். யாரும் அவளைப் பார்க்கவில்லை. அவளைச் சுற்றிக் கிடந்த பெட்டிகளையும் பார்க்கவில்லை, காலைக் கையில் ஏந்திக்கொண்டு மண்டி போட்டிருந்த மனுஷனையும் பார்க்கவில்லை. ஒருவன் பேனா மாதிரி ஏதோ ஒன்றை மேலே காட்டினான். கூரையில் சிவப்பாக ஒரு புள்ளி விழுந்தது. அது சுவருக்கு இறங்கியது, தூணில் ஏறியது, செருப்பு அலமாரிமேல் ஓடியது, நந்தகோபால் சாருடைய முதுகு வழியாகத் தரைக்குப் போனது. அவன் அளந்து ஒரு நம்பர் சொன்னான், இன்னொருவன் டேப்லெட்டில் போட்டுக்கொண்டான். பாதி இந்தி, பாதி இங்கிலீஷ். வடக்கத்திக் கஸ்டமர்களிடம் பேசிப் பேசி அவளுக்கு இரண்டும் போதுமான அளவு தெரியும். உயரம் பரவாயில்லை, அடுக்கு போடலாம். நடுவில் இருக்கிற சுவர்களை எடுக்கவேண்டும், மாடிக்கு மாடி ஒரே ஹாலாக. பின்பக்கம் லாரி திரும்ப இடம் இருக்கிறதா? எஸ்கலேட்டர் தேவையில்லை, பெயர்த்துவிட்டு சரக்கு லிஃப்ட் வைக்கலாம். பார்சல் கோடவுன். அந்த அம்மா நிதினிடம், "கடைகள் எல்லாம் எப்போது காலி செய்வார்கள்?" என்று கேட்டாள். அவன் முகத்தைத்தான் கோகிலவாணி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு விநாடியாவது அவன் தடுமாறுவான் என்று நினைத்தாள். நேற்று சாயந்திரம் லைஃப் இருக்கு என்று சொன்ன வாய் அது, ஒரு விக்கலாவது வரும் என்று நினைத்தாள். "நோ ப்ராப்ளம் மேடம், எல்லாரும் மாச வாடகைதான், சொன்னா கிளம்பிருவாங்க" என்றான். கையைத் தேய்த்துக்கொண்டே சொன்னான். அந்த அம்மா வெளியே போகிற வழியில், பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கு இடைஞ்சல் செய்துவிட்டோமே என்பதுபோல லேசாகச் சிரித்து, "சாரி" என்றாள். அவர்கள் போய்விட்டார்கள். கதவு தானாக மூடிக்கொண்டது.

கத்தவேண்டும் போல இருந்தது. அந்தச் சிவப்புப் புள்ளியைக் கையால் பிடித்து நசுக்கவேண்டும் போல இருந்தது. எதற்கடா எங்களை வேஷம் கட்டச் சொன்னீர்கள், சரோஜாக்கா வாழ்க்கையில் முதல்முறையாக உதட்டுக்குச் சாயம் பூசிக்கொண்டு வந்தாளே எதற்கு, நாங்கள் ஆயிரம் பேர் கூடி நின்று ஆட்டம் ஆடியிருந்தாலும் அவர்கள் கூரையைத்தானே பார்த்திருப்பார்கள். அப்பாவைப் போல விழுங்குகிறாயா, விழுங்காதே, விழுங்காதே. கீழே பார்த்தாள். நந்தகோபால் சார் இன்னும் எழுந்திருக்கவில்லை. இடது காலில் அவர் போட்டுவிட்ட செருப்பு, கருநீலம், பக்கிள் வைத்தது. வலது கால் அவர் கையிலேயே இருந்தது. "கோடவுன்னா சொன்னாங்க?" என்றார். அவளிடம் அவர் ஒரு கேள்வி கேட்டது, பதில் தெரியாமல் கேட்டது, இதுதான் முதல்தடவை. "ஆமா. கோடவுன்." "கடையெல்லாம்?" "எடுத்துருவாங்களாம். சுவத்தோட." அவருக்கு ஐம்பத்தைந்து தாண்டியிருக்கும். சின்ன மகளுக்கு இன்னும் கல்யாணமாகவில்லை. அவருக்கும் பஸ் கண்ணாடியில் ஒன்றும் ஒட்டியிருக்காது. இதெல்லாம் அவள் நினைக்க விரும்பவில்லை, நினைப்பு பாட்டுக்கு வந்தது, அவள் அதைப் பிடித்துத் தள்ளினாள். போ. இந்த ஆளுக்காக இரக்கப்பட நான் தயாரில்லை. ஒரே கிணற்றில் விழுந்துவிட்டோம் என்பதற்காக என்னை நிற்கவைத்தது நிற்கவைக்காமல் போய்விடுமா? அவர் ஏதாவது சொல்லுவார் என்று பயந்தாள். மன்னிப்பு மாதிரி எதையாவது சொல்லி அவளிடம் மிச்சமிருக்கிற இந்தக் கோபத்தையும் பிடுங்கிக்கொண்டு போய்விடுவாரோ என்று பயந்தாள். அவர் பெட்டியிலிருந்து மற்ற செருப்பை எடுத்து, அதைச் சுற்றியிருந்த மெல்லிய தாளைப் பிரித்து, அவள் வலது காலில் நுழைத்து, பக்கிளின் ஓட்டையைத் தேடி மாட்டினார். அவசரப்படவில்லை. கடையில் பார்க்க ஒருத்தரும் இல்லை, கதவுக்கு வெளியேயும் இல்லை. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்து, அவள் நடக்கிறதுக்கு வழிவிட்டு, பெட்டிகளைக் காலால் ஒதுக்கினார். "நடந்து பாருங்க மேடம்" என்றார்.

அது நடிப்பா, பழக்கமா, வேறு ஏதாவதா என்று அவர் முகத்தில் தெரியவில்லை. அவள் தெரிந்துகொள்ளவும் நிற்கவில்லை. எழுந்தாள். கண்ணாடி வரைக்கும் நடந்தாள். எல்லாக் கஸ்டமர்களும் அங்கே போய்த் திரும்புவார்கள், காலை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்ப்பார்கள், பெஞ்சுக்கு வருவார்கள். அவள் திரும்பவில்லை. கதவைத் தள்ளினாள். விலைச்சீட்டு கணுக்காலில் பட்டுப் பட்டுத் தொங்கியது. பின்னாலிருந்து குரல் வரும் என்று கழுத்து விறைத்தது, வரவில்லை. பெஞ்சுக்கு அடியில் அவளுடைய பழைய செருப்பு கிடக்கும், கிடக்கட்டும். கம்பியில் சாய்ந்திருந்த ஞானப்பிரகாசம் போனைக் காதிலிருந்து எடுத்தார். மூன்று பையும் அவர் காலடியில் காற்றுக்குப் படுத்திருந்தன. அவருக்கு இன்னும் எதுவும் தெரியாது. "முடிஞ்சுதா அம்மிணி? அவங்க போயிட்டாங்க. பையெல்லாம் திருப்பிக் குடுக்கோணுமாமா. நீ எங்க போற?" "வாங்கிட்டேன். வீட்டுக்குப் போறேன்." அவர் அவள் காலைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தவர் சிரிக்கவில்லை. கோடவுன் என்ற ஒரு சொல்லை மட்டும் அவரிடம் சொல்லிவிட்டு, அவர் அதைப் புரிந்துகொள்கிற வரைக்கும் நிற்காமல், பக்கத்துப் படிக்கட்டில் இறங்கி, வாசல் தாண்டி, வெயிலுக்கு வந்தாள். அவிநாசி ரோட்டில் வண்டிகள் இரைந்துகொண்டு போயின. பஸ் ஸ்டாப் எதிர்ப்பக்கம். செருப்பு அரை சைஸ் பத்தாது. பக்கிளை மாட்டும்போதே அவளுக்குத் தெரியும், மாட்டினவருக்கும் தெரிந்திருக்கும், செருப்புக்கடையில் நரைத்தவர்கள் இரண்டு பேரும். சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. குதிகாலில் தோல் உரிய ஆரம்பித்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடக்கலாம். அப்படி நடந்தால் எல்லாம் கொஞ்சம் ஆறிவிடும், வீட்டுக்குப் போவதற்குள் கோபம் பாதியாகிவிடும், நாளைக்குக் காலையில் தலையில் வலையைப் போட்டுக்கொண்டு மறுபடி போய் நின்றுவிடுவாள். காலை இன்னும் அழுத்தி வைத்தாள். கடித்தது. கடிக்கட்டும் என்று ரோட்டைக் கடந்தாள்.